பழைய லேப்டாப்புக்கு நீல யூஎஸ்பி வைத்த வழி

மாலை ரிசப்ஷன் முடிந்து என் தம்பி கடைக்கு வந்து சேர ராத்திரி பதினொன்றரை ஆகும். கேமரா பையைக்கூட இறக்காமல் நான்கு மெமரி கார்டுகளை மேசையில் வைப்பான். ஒவ்வொன்றும் 64 ஜிபி. "அக்கா, காலைல நாலரைக்கு முகூர்த்தம். நாலு கார்டும் காலியா வேணும்" என்பான். ராயபுரமோ கொருக்குப்பேட்டையோ, மண்டபம் எங்கே இருந்தாலும் இதே கணக்குதான். ஒரு கார்டை லேப்டாப்புக்கு இறக்கவே அரைமணி நேரம் போகும். நான்கு கார்டுக்கு இரண்டு மணி. அதை இன்னொரு டிஸ்க்கிலும் நகல் எடுத்துச் சரிபார்த்த பிறகுதான் கார்டை அழிக்க மனசு வரும். அவன் மூன்றரைக்குக் கிளம்பியாக வேண்டும். அத்தனை நேரமும் திரையில் ஓடும் அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

தண்டையார்பேட்டையில் எங்கள் கடை, ஒரு மேசையும் ஒரு ஜெராக்ஸ் மெஷினும் வைத்தால் நிறைந்துவிடும் அளவு. ஆன்லைன் விண்ணப்பம், டிடிபி, பாஸ்போர்ட் போட்டோ, கல்யாண ஆல்பம் டிசைன் எல்லாம் செய்கிறேன். என்னிடம் இருப்பது 2011ஆம் வருட திங்க்பேட் டி420. ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. கீபோர்டு இன்னும் அருமையாக இருக்கிறது. ரேமை 8 ஜிபி ஆக்கி, எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் ஏற்றிய பிறகு தமிழ்99 தட்டச்சும் ஆல்பம் வேலையும் தடையில்லாமல் ஓடுகின்றன. "புதுசு வாங்கிடேன்க்கா" என்று எல்லோரும் சொல்கிறார்கள். சீட்டுப் பணம் தம்பியின் லென்ஸுக்குப் போய்விட்டது. அதைவிட முக்கியம், மெஷினில் குறை என்று எதுவும் இல்லை. குறை அதன் வாசலில், அதாவது மெதுவான பழைய யூஎஸ்பி துளைகளில் இருந்தது. பக்கவாட்டு ஸ்லாட்டில் ஒரு கார்டைச் சொருகி, அதன் வழியாக வேகமான நீல யூஎஸ்பி 3.0 துளைகள் இரண்டைச் சேர்த்தேன். வாசலை மட்டும் எப்படிப் பெரிதாக்கினேன் என்பதை உங்களுக்கும் உதவும்படி எழுதுகிறேன்.

முதலில் ஏன் மெதுவாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். யூஎஸ்பி 2.0 காகிதத்தில் விநாடிக்கு 480 மெகாபிட். எட்டால் வகுத்தால் 60 மெகாபைட். அதில் உண்மையில் கைக்குக் கிடைப்பது 30 முதல் 40 வரைதான். என் கார்டில் 58 ஜிபி அளவுக்கு வீடியோ இருந்தால் 33 எம்பி வேகத்தில் 29 நிமிடம். கார்டு குற்றவாளி இல்லை. அதே கார்டு விநாடிக்கு 85 எம்பி கொடுக்கக்கூடியது. யூஎஸ்பி 3.0 தரம் 2008 நவம்பரிலேயே வந்துவிட்டது. ஆனால் இன்டெல் தன் சிப்செட்டுக்குள் அதைச் சேர்த்தது 2012இல்தான். அதற்கு முந்தின லேப்டாப்புகளில் தனிச் சிப் வைத்திருந்தால் ஒழிய நீல நிற யூஎஸ்பி இருக்காது. உங்கள் லேப்டாப்பில் ஒரு யூஎஸ்பி துளைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு நீலமாக இருந்தால், பக்கத்தில் எஸ்எஸ் என்ற குறி இருந்தால், இந்தச் செலவே வேண்டாம். அந்தத் துளையிலேயே கார்ட் ரீடரைப் போடுங்கள். மஞ்சள் நிறம் வேறு விஷயம். என் மெஷினில் மஞ்சள் துளை என்பது லேப்டாப் அணைந்திருக்கும்போதும் போனைச் சார்ஜ் செய்ய விடுவது. வேகம் பழைய வேகம்தான்.

இப்போது ஸ்லாட்டைத் தேடுவோம். அந்தக் காலத்து லேப்டாப்புகள் பலவற்றில், பக்கவாட்டில் தட்டையான நீள வாய் ஒன்று இருக்கும். அதில் பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் அட்டை சொருகப்பட்டிருக்கும். அழுத்தினால் வெளியே வரும். அந்த அட்டை வெறும் தூசி மூடி. பலர் பல வருடமாக அதைக் கழற்றிப் பார்த்தே இருக்க மாட்டார்கள். அந்த வாய்க்குப் பெயர் எக்ஸ்பிரஸ் கார்டு ஸ்லாட். 2003இல் வந்த தரம். இதன் அருமை என்னவென்றால், இது மதர்போர்டின் பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற வேகமான தகவல் பாதையை நேராக வெளியே கொண்டுவந்து தருகிறது. டெஸ்க்டாப்பைத் திறந்து கார்டு சொருகுவது போல, லேப்டாப்பைத் திறக்காமலே சொருகலாம். 2011 வாக்கில் வந்த மெஷின்களில் அந்த ஒற்றைப் பாதை விநாடிக்கு 500 எம்பி வரை தாங்கும். அதற்கு இரண்டு மூன்று வருடம் முந்தியது என்றால் 250. அதுவே யூஎஸ்பி 2.0ஐப் போல் ஆறேழு மடங்கு. எனவே பழைய பாதை என்று தயங்க வேண்டாம்.

ஸ்லாட்டை அடையாளம் காண்பதில்தான் நான் பணத்தை விட்டேன். அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரே மாதிரி தெரியும் வாய்கள் மூன்று இருக்கின்றன. முதலாவது கார்டுபஸ், இன்னும் பழையது. இரண்டாவது எக்ஸ்பிரஸ் கார்டு. மூன்றாவது அலுவலக அடையாள அட்டை படிக்கும் ஸ்மார்ட் கார்டு ரீடர். உங்கள் ஏடிஎம் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குட்டைப் பக்கம் 54 மில்லிமீட்டர். வாயின் அகலத்தோடு அது அப்படியே பொருந்தினால் கார்டுபஸ்ஸாகவும் இருக்கலாம், 54 அகல எக்ஸ்பிரஸ் கார்டாகவும் இருக்கலாம். வாய் அதைவிடக் குறுகலாக, மூன்றரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் அது 34 அகல எக்ஸ்பிரஸ் கார்டு, சந்தேகமே இல்லை. ஏடிஎம் கார்டு அளவு தடிமன் மட்டுமே நுழையும் மெல்லிய கீறல் என்றால் அது ஸ்மார்ட் கார்டு ரீடர், நமக்கு உதவாது. எக்ஸ்பிரஸ் கார்டின் தடிமன் 5 மில்லிமீட்டர்.

அகலமான வாயில் இருக்கும் குழப்பத்தைத் தீர்க்க, மொபைல் டார்ச்சை உள்ளே அடித்துப் பாருங்கள். கார்டுபஸ் என்றால் உள்ளே முழு அகலத்துக்கும் இரண்டு வரிசையாக ஊசிகள், மொத்தம் 68, தெரியும். எக்ஸ்பிரஸ் கார்டு என்றால் ஊசி வரிசை இருக்காது. ஒரு பக்கமாக ஒதுங்கிய சின்ன இணைப்பான், 26 தொடர்பு கொண்டது, மட்டும் இருக்கும். நான் இதையெல்லாம் பார்க்காமல், கடைக்காரர் "எல்லா லேப்டாப்புக்கும் போகும்மா" என்றதை நம்பி ஒரு கார்டை வாங்கிவந்தேன். வீட்டில் பார்த்தால் அது கார்டுபஸ். வாயிலேயே நின்றுவிட்டது. நல்லவேளை, நான் அழுத்தித் திணிக்கவில்லை. திணித்திருந்தால் உள்ளே இணைப்பான் உடைந்திருக்கும்; அதற்குப் பிறகு மதர்போர்டு வேலைதான். அந்தக் கார்டை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை.

இரண்டாவது முறை லேப்டாப்பையே பையில் போட்டுக்கொண்டு போனேன். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்தே ரிச்சி தெருவுக்குப் போய்விடலாம். கடையிலேயே சொருகி, திரையில் பெயர் வந்த பிறகுதான் பணம் கொடுத்தேன். 1,150 ரூபாய் ஆனது. ஆன்லைனில் வாங்குகிறவர்கள் திரும்பப் பெறும் வசதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். எக்ஸ்பிரஸ் கார்டு இப்போது புதிதாக அதிகம் வருவதில்லை.

கார்டு வாங்கும்போது இரண்டு விஷயம் பார்த்தேன். ஒன்று, உள்ளே இருக்கும் சிப். ரெனசாஸ், விஐஏ, ஏஎஸ்மீடியா, ஃப்ரெஸ்கோ லாஜிக் என்று நான்கைந்து பெயர்கள் வரும். என்னுடையது ரெனசாஸ். எதுவாக இருந்தாலும் பெட்டியிலோ கார்டின் முதுகிலோ சிப்பின் பெயர் தெளிவாக இருக்க வேண்டும். பின்னால் டிரைவர், அதாவது சிப்பை இயக்கும் மென்பொருள், தேட அந்தப் பெயர்தான் வேண்டும். இரண்டு, கார்டின் ஓரத்தில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு வட்ட ஜாக் இருக்கிறதா என்பது. இது இல்லாத கார்டை நான் யாருக்கும் வாங்கச் சொல்ல மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன். இந்த வேலையின் உயிரே இதில்தான் இருக்கிறது.

எக்ஸ்பிரஸ் கார்டு ஸ்லாட்டில் 5 வோல்ட் கிடையாது. அது தருவது 3.3 வோல்ட், சராசரியாக 1 ஆம்பியர். கூடவே 1.5 வோல்ட் கொஞ்சம். யூஎஸ்பிக்கு வேண்டியதோ 5 வோல்ட். எனவே கார்டுக்குள் இருக்கும் சின்னச் சுற்று 3.3ஐ 5 ஆக ஏற்றுகிறது. வோல்ட்டை ஏற்றினால் ஆம்பியர் குறையும், வாட் அதிகமாகாது. மொத்தம் 3.3 வாட். ஏற்றும்போது கொஞ்சம் சூடாகப் போனது போக, 5 வோல்ட்டில் 0.6 ஆம்பியர்கூட வராது. ஆனால் ஒரு யூஎஸ்பி 3.0 துளை 0.9 ஆம்பியர் வரை தர வேண்டும் என்பது தரம். இரண்டு துளைக்கு 1.8. கிடைப்பது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கார்ட் ரீடர், பென் டிரைவ் இவற்றுக்கு அது போதும். சுற்றும் ஹார்ட் டிஸ்க் நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் அந்த ஓரிரு விநாடியில் 1 ஆம்பியர் வரை இழுக்கும். அப்போது வோல்ட் சரியும். டிஸ்க் மயங்கி விழும்.

எனக்கு முதல் நாளே இது நடந்தது. தம்பியின் 1 டிபி டிஸ்க்கைச் சொருகினேன். டிக் என்று ஒரு சத்தம், விளக்கு அணைந்தது. மறுபடி டிக். அவன் முகம் வெளுத்துப்போனது. ஒரு வருடக் கல்யாணங்கள் அதில் இருந்தன. "அக்கா, கழட்டு, கழட்டு" என்று கையைப் பிடித்தான். டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. கரண்ட் போதவில்லை, அவ்வளவுதான். ஆனால் அப்படி விழுந்து எழும்போது எழுதிக்கொண்டிருந்தால் கோப்புகள் கெடும். எனவே உங்கள் டிஸ்க் டிக் டிக் என்றால் மறுபடி மறுபடி முயலாதீர்கள். உடனே கழற்றுங்கள்.

அந்த வட்ட ஜாக்கில் வெளியிலிருந்து 5 வோல்ட் கொடுத்தால் பிரச்சினை தீரும். எந்த அடாப்டர் என்பதில் கவனம் வேண்டும். டிராயரில் பழைய அடாப்டர் ஒன்று கிடந்தது. மேலே 5 வோல்ட் என்று அச்சடித்திருந்தது. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்த பழக்கத்தில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். 7 வோல்ட்டைத் தாண்டிக் காட்டியது. கனமாக, உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய வகை அது. பாரம் இல்லாதபோது வோல்ட்டை ஏற்றிக்கொடுக்கும். அதை அப்படியே சொருகியிருந்தால் கார்டும் போயிருக்கும், தம்பியின் டிஸ்க்கும் போயிருக்கும். எனவே அடாப்டரின் எழுத்தை மட்டும் நம்பாதீர்கள். மீட்டரில் 4.75க்கும் 5.25க்கும் நடுவில் நிற்க வேண்டும். ஜாக்கின் நடு ஊசி பாசிட்டிவ்வா என்பதையும் கார்டின் மேல் இருக்கும் வட்டக் குறியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மீட்டர் இல்லாதவர்களுக்குச் சுலபமான வழி: ஒரு முனையில் சாதாரண நீள்சதுர யூஎஸ்பி, மறு முனையில் கார்டின் ஜாக்குக்குப் பொருந்தும் வட்ட முள் உள்ள வயர் கிடைக்கும். சில கார்டுகளின் பெட்டியிலேயே இருக்கும். அதை நல்ல மொபைல் சார்ஜரில், 5 வோல்ட் 2 ஆம்பியர் தரக்கூடியதில், சொருகுங்கள். ஃபாஸ்ட் சார்ஜராக இருந்தாலும் பயமில்லை. எதிர்ப் பக்கம் கேட்காமல் அது 5 வோல்ட்டை விட்டு ஏறாது. சிலர் அந்த வயரை லேப்டாப்பின் பழைய யூஎஸ்பி துளையிலேயே சொருகுகிறார்கள். அங்கே கிடைப்பது 0.5 ஆம்பியர்தான். ஹார்ட் டிஸ்க்குக்கு அது பற்றாது.

இன்னொரு சங்கடம், நம் ஊருக்கே உரியது. கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடும், சார்ஜர் செத்துவிடும், காப்பி நடுவில் டிஸ்க் விழும். மே மாத ராத்திரி ஒன்றில் இப்படி ஆன பிறகு, சார்ஜருக்குப் பதில் பவர் பேங்க் வைத்தேன். அதன் 5 வோல்ட் 2 ஆம்பியர் துளையிலிருந்து வயர். கரண்ட் போவதும் வருவதும் டிஸ்க்குக்குத் தெரியவே தெரியாது. ஒன்று மட்டும்: சில பவர் பேங்குகள் குறைந்த கரண்ட்டே எடுக்கப்பட்டால் போன் நிரம்பிவிட்டது என்று நினைத்துத் தானே அணைந்துவிடும். டிஸ்க் ஓடும்போது அப்படி ஆகாது. கார்ட் ரீடர் மட்டும் சும்மா இருந்தால் ஆகலாம். உங்களுடையதை முதலில் அரைமணி நேரம் வெறும் பென் டிரைவோடு வைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள்.

சொருகும் முறைக்கு வருவோம். கடலோரத்தில் இருக்கிறவர்கள் முதலில் இணைப்பானைச் சுத்தம் செய்யுங்கள். காசிமேடு காற்று எங்கள் தெருவரை வரும். இரண்டு வருடம் சும்மா கிடந்த எந்தத் துளையிலும் பச்சையோ வெள்ளையோ படிந்திருக்கும். லேப்டாப்பை அணைத்து, பேட்டரியைக் கழற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுக் குச்சியால் கார்டின் பொன்னிறக் கோடுகளைத் துடையுங்கள். உப்புத்தாளோ பென்சில் ரப்பரோ வேண்டாம். அந்தப் பொன் பூச்சு மிக மெல்லியது. தேய்த்தால் போய்விடும், பிறகு உப்புக்காற்று அடியில் இருப்பதைத் தின்னத் தொடங்கும். ஸ்லாட்டுக்குள் ஊதுகிற பம்ப்பால் காற்று மட்டும் அடித்தால் போதும். கார்டைப் பயன்படுத்தாத நாட்களில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வைக்கிறேன்.

திங்க்பேட் என்றால் பயாஸுக்குள் (ஓஎஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரை) செக்யூரிட்டி பக்கத்தில் ஐ/ஓ போர்ட் ஆக்சஸ் என்ற பட்டியல் இருக்கும். அதில் எக்ஸ்பிரஸ் கார்டு ஸ்லாட் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அலுவலகத்திலிருந்து கழித்துவிட்ட மெஷின்களில் இதை மூடிவைத்திருப்பார்கள். வாங்கினவர் ஸ்லாட் செத்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்.

முதல் தடவை, லேப்டாப் அணைந்திருக்கும்போதே கார்டைச் சொருகி, ஜாக்கில் 5 வோல்ட் கொடுத்து, அதன் பிறகு ஆன் செய்யுங்கள். 34 கார்டை 54 வாயில் போட்டால் ஒரு பக்கம் ஆடும். நான் காலாவதியான பிளாஸ்டிக் கார்டை நறுக்கி இரண்டு அடுக்காக ஒட்டி அந்த இடைவெளியில் வைத்துக் கொடுத்திருக்கிறேன், ஒரு வாடிக்கையாளருக்கு. கார்டு ஆடினால் வயர் இழுக்கும்போதெல்லாம் இணைப்பு விட்டுவிடும்.

லினக்ஸில் டிரைவர் எதுவும் தேவைப்படவில்லை. 2009இல் வந்த 2.6.31 கெர்னலிலிருந்தே (லினக்ஸின் மையப் பகுதி) யூஎஸ்பி 3.0 ஆதரவு அதில் இருக்கிறது. விண்டோஸ் 8, 10இலும் பெரும்பாலும் தானே எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் 7இல் தானாக வராது. சிப் பெயரை வைத்து டிரைவர் தேடிப் போட வேண்டும். ஆனால் விண்டோஸ் 7க்கும், 2025 அக்டோபர் 14க்குப் பிறகு விண்டோஸ் 10க்கும் மைக்ரோசாஃப்ட் வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிட்டது. பழைய மெஷினில் பேங்க் வேலை, ஆதார் வேலை செய்கிறவர்கள் இதையும் சேர்த்து யோசியுங்கள். நான் லினக்ஸுக்கு வந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான்.

வேகம் உண்மையில் வந்ததா என்று எப்படித் தெரியும்? டெர்மினலில் எல்எஸ்யூஎஸ்பி என்ற கட்டளையைச் சின்ன எழுத்தில் அடித்து, இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் டி எழுத்தும் சேருங்கள் (lsusb -t). மரம் போல ஒரு பட்டியல் வரும். உங்கள் கார்ட் ரீடர் இருக்கும் வரியின் கடைசியில் 5000 என்று இருந்தால் புது வேகம். 480 என்றால் பழைய வேகத்தில் ஒட்டியிருக்கிறது. 480 வந்தால் முதலில் கையைச் சந்தேகப்படுங்கள். யூஎஸ்பி 3.0 முனையில் பழைய நான்கு தொடர்புக்குப் பின்னால் புது ஐந்து தொடர்புகள் உள்ளே தள்ளி இருக்கின்றன. மெதுவாகச் சொருகினால் பழைய நான்கு முதலில் தொட்டு, மெஷின் அதைப் பழைய சாதனம் என்று பதிந்துகொள்ளும். கழற்றி, ஒரே மூச்சில் சட்டென்று சொருகுங்கள். பாதி நேரம் இதிலேயே சரியாகிவிடும். அடுத்தது வயர், பழைய வயரில் அந்த ஐந்து கம்பிகளே இருக்காது.

என் கணக்கு இப்போது: 58 ஜிபி, பதினொன்றரை நிமிடம். நான்கு கார்டுக்கு முக்கால் மணி. இரண்டாவது டிஸ்க்கில் நகல் எடுக்கவும் இப்போது நேரம் இருக்கிறது. இரண்டு இடத்திலும் கோப்பு எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்து, ஒவ்வொரு கார்டிலிருந்தும் கடைசி வீடியோவை ஓட்டிப் பார்த்த பிறகே அழிக்கிறேன். வேகம் கூடிவிட்டது என்று இந்த வேலையைச் சுருக்காதீர்கள். தாலி கட்டும் நேரத்தை மறுபடி எடுக்க முடியாது. லேப்டாப்புக்குள் இன்னும் பழைய சுற்றும் டிஸ்க் இருந்தால் இவ்வளவு வித்தியாசம் தெரியாமல் போகலாம். எஸ்எஸ்டி முதலில், இந்தக் கார்டு அடுத்து.

புது வாசலோடு வந்த சின்ன உபத்திரவங்கள் சில உண்டு. டிஸ்க் ஓடும்போது வயர்லெஸ் மவுஸ் திக்கியது. மவுஸ் கெட்டுவிட்டது என்று பேட்டரி மாற்றினேன். காரணம் அதுவல்ல. யூஎஸ்பி 3.0 வேகத்தில் ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கிளப்பும். இன்டெல்லே 2012இல் இதைப் பற்றி ஆய்வறிக்கை வெளியிட்டிருக்கிறது. மவுஸின் ரிசீவரை அடுத்த பக்கத் துளைக்கு மாற்றினேன், சரியாகிவிட்டது. வைஃபையும் 2.4இல் இருந்தால் இழுக்கும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். அடுத்து, இந்தத் துளையிலிருந்து பென் டிரைவில் பூட் செய்ய முடியாது. பயாஸுக்கு இந்தச் சிப்பைத் தெரியாது. ஓஎஸ் போடும் பென் டிரைவைப் பழைய துளையிலேயே வையுங்கள். கார்டை எடுக்கும்போது முதலில் டிஸ்க்கை திரையில் வெளியேற்றி, டிஸ்க்கைக் கழற்றி, அப்புறம் கார்டு, கடைசியில் 5 வோல்ட் வயர்.

டைப் சி முனை உள்ள டிஸ்க், போன் எல்லாம் இதில் போடலாம். ஒரு முனை நீள்சதுரம், மறு முனை சி என்ற வயர் வேண்டும். தரமான வயரா என்று பாருங்கள். அந்த வயருக்குள் 56 கிலோஓம் மின்தடை ஒன்று இருக்க வேண்டும். மட்டமான சில வயர்களில் வேறு மதிப்பு இருக்கும். போன் அதைப் பார்த்து 3 ஆம்பியர் கிடைக்கும் என்று நினைத்து இழுக்கத் தொடங்கும், நம் கார்டால் தாங்க முடியாது. சி வடிவம் வந்துவிட்டதால் டிவிக்குப் படம் போகும், லேப்டாப் சார்ஜ் ஆகும் என்றும் எண்ண வேண்டாம். தகவல் மட்டும்தான் போகும்.

படத்துக்கு வேறு வழி இருக்கிறது, சுலபமானது. என் மெஷினில் ஹெச்டிஎம்ஐ இல்லை; டிஸ்ப்ளேபோர்ட் இருக்கிறது. அதிலிருந்து ஹெச்டிஎம்ஐக்கு மாற்றும் சின்ன அடாப்டர் போட்டேன். வாடிக்கையாளர் ஆல்பத்தைக் கடை டிவியில் முழு ஹெச்டியில் பார்க்கிறார்.

சார்ஜிங்கிற்கும் வழி உண்டு. திங்க்பேட்டின் வட்ட முனைக்கு 20 வோல்ட் வேண்டும். சி சார்ஜரிடம் 20 வோல்ட் கேட்டு வாங்கி அந்த வட்ட முனைக்குத் தரும் வயர் கிடைக்கிறது. சார்ஜர் 65 வாட் பிடி (பவர் டெலிவரி) வகையாக, 20 வோல்ட் தருவதாக இருக்க வேண்டும். அந்த வட்ட முனைக்கு நடுவில் ஒரு மெல்லிய ஊசி இருக்கும். அடாப்டர் எத்தனை வாட் என்று லேப்டாப்புக்குச் சொல்வது அதுதான். எனவே முனையை வெட்டி ஒட்டும் வேலை வேண்டாம், திங்க்பேட்டுக்கு என்றே செய்த வயரை வாங்குங்கள். தனி சி வயர் சேர்த்துப் பயன்படுத்தினால் அது 5 ஆம்பியர் வயராக இருக்கட்டும். சாதாரண 3 ஆம்பியர் வயரில் 60 வாட்டுக்கு மேல் வராது.

எதிர்வீட்டுப் பெண் சென்ற வாரம் தன் அக்காவின் அரசு இலவச லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். 2011இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் ஆரம்ப வருடங்களில் கொடுத்த மெஷின்களில் ஒன்று. "எனக்கும் அதே மாதிரி நீலத் துளை வெச்சிக் குடுங்கக்கா, காலேஜ் ப்ராஜெக்ட் எல்லாம் டிஸ்க்ல இருக்கு" என்றாள். சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். பக்கத்தில் ஸ்லாட்டே இல்லை. இப்படிப்பட்ட மெஷினுக்கு யூஎஸ்பி ஹப் வாங்கிக் கொடுப்பவர்கள் உண்டு. அதில் துளைகளின் எண்ணிக்கை கூடும். எல்லாத் துளைகளும் அதே ஒற்றை 480ஐப் பங்கு போட்டுக்கொள்ளும். உள்ளே வைஃபை கார்டைக் கழற்றி அந்த இடத்தில் யூஎஸ்பி சிப் வைத்து, பட்டை வயரை வெளியே இழுப்பவர்களும் இருக்கிறார்கள். கல்லூரிப் பையில் போய்வரும் லேப்டாப்புக்கு அது நிலைக்காது. நான் செய்ய மறுத்துவிட்டேன்.

அவளுக்கு வேறொரு வாசல் காட்டினேன். நெட் கேபிள் சொருகும் லேன் துளை. அது கிகாபிட் வகை என்றால் விநாடிக்கு 110 எம்பி வரை போகும், யூஎஸ்பி 2.0ஐப் போல் மூன்று மடங்கு. டிஸ்க்கை நீல யூஎஸ்பி உள்ள வேறொரு கணினியில் போட்டு, இரண்டுக்கும் நடுவே ஒரு லேன் கேபிள் போட்டு, ஃபோல்டரைப் பகிர்ந்தால் போதும். கேபிள் கேட் 5இ அல்லது 6 ஆக இருக்கட்டும், எட்டுக் கம்பியும் இணைந்திருக்கட்டும். நான்கு கம்பி மட்டும் கோத்த கேபிளில் 100 தான் வரும். அவள் லேப்டாப்பையும் என் திங்க்பேட்டையும் கேபிளால் இணைத்து நெட்வொர்க் விவரத்தைத் திறந்தோம். வேகம் என்ற வரியில் 100 என்று வந்திருந்தால் 11, 12 எம்பிதான் கிடைத்திருக்கும். பழைய யூஎஸ்பியே மேல் என்று சொல்லி அனுப்பியிருப்பேன். வந்தது 1000. இரண்டு மீட்டர் கேபிள் ஒன்றைச் சுருட்டிக் கொடுத்தேன். சனிக்கிழமை சாயங்காலம் டிஸ்க்கோடு வரச் சொல்லியிருக்கிறேன், அன்று தம்பிக்குக் கல்யாண வேலை இல்லை.